ரெண்டு டிரைவர் ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டு போர்டு உறையுது, ஆனா ரெண்டு லாக்கையும் நான் சேத்து எடுக்கவே இல்ல

போர்டு_பித்தன்:

வணக்கம் மக்களே. மூணு வாரமா ஒரே பிரச்சினையில சிக்கி நிக்கறேன், என் கோடுல ஒவ்வொரு வரியையும் கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு பாத்தாச்சு, தப்பு எங்கன்னு பிடிபடல. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

லினக்ஸ் ஓடற நாலு கோர் ஆர்ம் போர்டு. ஒரு ஐ2சி பஸ்ல (சின்ன சிப்புகள ரெண்டு கம்பியில இணைக்கற வழி) பவர் மேனேஜ்மென்ட் சிப் ஒண்ணும் டெம்பரேச்சர் சென்சர் ஒண்ணும் இருக்கு. பவர் சிப் வோல்டேஜ் குடுக்கறதோட நிக்காம வைஃபை மாட்யூலுக்கு வேண்டிய 32.768 கிலோஹெர்ட்ஸ் க்ளாக்கையும் குடுக்குது, அதனால அதோட டிரைவர் க்ளாக் ஃப்ரேம்வொர்க்ல (கெர்னல்ல எல்லா க்ளாக்கையும் நிர்வகிக்கற பகுதி) ஒரு க்ளாக்கா ரிஜிஸ்டர் ஆகுது. இந்த டிரைவர் நான் எழுதினது. ஐ2சி கன்ட்ரோலர் டிரைவர் போர்டோட வந்த கெர்னல்ல இருந்தது, அதுல நான் கை வைக்கல.

சஸ்பெண்ட் ரெஸ்யூம் டெஸ்ட்ட லூப்ல விட்டா சில சமயம் 200 ரவுண்டுல, சில சமயம் 900 தாண்டி, போர்டு பாதி செத்து நிக்குது. பாதின்னு ஏன் சொல்றேன்னா சீரியல் கன்சோல் ஓடுது, எல்எஸ் அடிச்சா பதில் வருது, ஆனா சென்சரோட டெம்பரேச்சர் ஃபைலை கேட் பண்ணா அந்த ஷெல் அப்படியே போயிடுது, கில் மைனஸ் 9 போட்டாலும் மசியல, பிஎஸ்ல பாத்தா டி ஸ்டேட், அதாவது வெளியிலேர்ந்து எழுப்ப முடியாத தூக்கம். கொஞ்ச நேரம் கழிச்சு "டாஸ்க் 120 செகண்டுக்கு மேல ப்ளாக் ஆயிருக்கு"ங்கற மெசேஜ் வருது, ரெண்டு கேவொர்க்கர் (கெர்னலோட பின்னணி வேலை த்ரெட்) பேர்ல.

ஸ்டாக் ரெண்டையும் கூப்பிட்ட வரிசையில எழுதறேன்.

முதல் கேவொர்க்கர்: வைஃபை பவர் ஆன் வொர்க், அங்கேர்ந்து க்ளாக்_ப்ரிப்பேர், அங்கேர்ந்து என் டிரைவரோட ப்ரிப்பேர் ஃபங்க்ஷன், ரெக்மேப்_அப்டேட்_பிட்ஸ் (சிப் ரிஜிஸ்டர மாத்தற கெர்னல் லைப்ரரி), ஐ2சி_ட்ரான்ஸ்ஃபர், கடைசியா ஆர்டி மியூடெக்ஸ்ல (ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் வெச்சுக்கற லாக், கிடைக்காதவர் தூங்கிக்கிட்டு காத்திருக்கணும்) தூங்குது.

ரெண்டாவது கேவொர்க்கர்: தெர்மல் போலிங் வொர்க், சென்சர் டிரைவர், ஐ2சி_ட்ரான்ஸ்ஃபர், கன்ட்ரோலரோட ட்ரான்ஸ்ஃபர் ஃபங்க்ஷன், பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க், கன்ட்ரோலரோட ரன்டைம் ரெஸ்யூம், க்ளாக்_ப்ரிப்பேர், கடைசியா மியூடெக்ஸ்ல தூங்குது.

என் டிரைவர்ல இருக்கறது ஒரே ஒரு மியூடெக்ஸ், சிப்_லாக்னு வெச்சுக்கோங்க. ப்ரிப்பேர் ஃபங்க்ஷன் அத தொடறதே இல்ல, ஹேங் ஆன நேரத்துல அது ஃப்ரீயாத்தான் இருக்கு. ரெண்டாவது ஸ்டாக்ல என் டிரைவர் பேரே இல்ல. சந்தேகப்பட்டு நடுவுல பிரிண்ட்கே (கெர்னல்லேர்ந்து மெசேஜ் எழுதற வரி) போட்டேன், போட்டதும் ஹேங் வரவே இல்ல, எடுத்தா மறுபடி வருது.

ரெண்டு கேள்வி. இங்க லாக் எங்க மாட்டுது? அதவிட முக்கியமா, இன்னொருத்தர் டிரைவர் உள்ளுக்குள்ள எந்த லாக்க எடுக்கும்னு எனக்கு எப்படி தெரியும், தெரியாம எப்படி டெட்லாக் வராத மாதிரி எழுதறது?

பழைய_கெர்னல்:

தம்பி, ஸ்டாக் ரெண்டும் போட்டதால பாதி வேலை முடிஞ்சுது, நெறைய பேர் "ஹேங் ஆகுது"ன்னு மட்டும் எழுதிட்டு போயிடறாங்க.

உன் சிப்_லாக்க மறந்துடு. இங்க மாட்டுற ரெண்டு லாக்குமே உன் ஃபைல்ல இல்ல. ஒண்ணு க்ளாக் ஃப்ரேம்வொர்க்கோட ப்ரிப்பேர்_லாக், மொத்த சிஸ்டத்துக்கும் ஒரே ஒரு மியூடெக்ஸ், எந்த க்ளாக்க ப்ரிப்பேர் பண்ணாலும் அதுதான். இன்னொண்ணு ஐ2சி அடாப்டரோட பஸ் லாக், ஒரு பஸ்ஸுக்கு ஒண்ணு, ஐ2சி_ட்ரான்ஸ்ஃபர் உள்ள நுழையும்போதே எடுத்துக்கும்.

இப்ப ஸ்டாக்க திரும்ப படி. முதல் கேவொர்க்கர் க்ளாக்_ப்ரிப்பேர் வழியா வந்ததால ப்ரிப்பேர்_லாக் அதோட கையில இருக்கு, பஸ் லாக்குக்கு காத்திருக்கு. ரெண்டாவது ஐ2சி_ட்ரான்ஸ்ஃபர் வழியா வந்ததால பஸ் லாக் அதோட கையில, கன்ட்ரோலர் தூங்கிக்கிட்டு இருந்ததால எழுப்பப் போச்சு, எழுப்பணும்னா அதோட சொந்த க்ளாக்க ப்ரிப்பேர் பண்ணணும், அதுக்கு ப்ரிப்பேர்_லாக் வேணும். அவன் கையில இருக்கறது இவனுக்கு வேணும், இவன் கையில இருக்கறது அவனுக்கு வேணும், ரெண்டு பேரும் விடமாட்டாங்க. டெட்லாக்னா பொதுவா இந்த அமைப்புதான்.

ஏன் 200, 900 ரவுண்டுக்கு ஒரு தடவ வருதுன்னா மூணு விஷயம் ஒரே சமயத்துல பொருந்தணும். கன்ட்ரோலர் ரன்டைம் சஸ்பெண்ட்ல இருக்கணும், சென்சர் ரீட் அத எழுப்பற அந்த சில மைக்ரோசெகண்டுக்குள்ள வேற ஒரு கோர்ல வைஃபை க்ளாக்க ஆன் பண்ணணும், ரெண்டு பேரும் முதல் லாக்க எடுத்திருக்கணும் ஆனா ரெண்டாவது லாக் கிடைச்சிருக்கக் கூடாது. ரெஸ்யூம் ஆன உடனே தெர்மல் போலிங்கும் வைஃபையும் சேந்து முழிச்சுக்கறதால அந்த நேரத்துல இது பொருந்தறதுக்கு வாய்ப்பு அதிகம். பிரிண்ட்கே போட்டதும் அந்த நேரம் தள்ளிப் போச்சு, ஹேங் மறைஞ்சுது, அவ்வளவுதான். பிரிண்ட்கே போட்டு மறைஞ்ச பக் சரி பண்ணின பக் இல்ல, அந்த பேட்ச்ச யாரும் அனுப்பிடாதீங்க.

உன் ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். 1971ல காஃப்மேனும் கூட்டாளிகளும் டெட்லாக்குக்கு நாலு நிபந்தனை எழுதி வெச்சாங்க, ஒரு சமயத்துல ஒருத்தர் மட்டும் வெச்சிருக்கறது, ஒண்ண வெச்சுக்கிட்டே இன்னொண்ணுக்கு காத்திருக்கறது, பிடுங்க முடியாதது, காத்திருக்கறது வட்டமா சுத்தி வர்றது. டிரைவர்ல முதலும் மூணாவதும் நம்ம கையில இல்ல. மிச்சம் ரெண்டுதான். ஒண்ணு, உன் லாக்க வெச்சுக்கிட்டு வெளிய கூப்பிடாத. முடியலேன்னா, வட்டம் வராத மாதிரி எல்லாரும் ஒரே திசையில லாக் எடுக்கணும்.

டிரைவர்ல அந்த திசைய முடிவு பண்றது கூப்பிடற திசைதான். க்ளாக் சிப் ஐ2சி பஸ்ஸுக்கு பின்னால இருக்கு, அதுக்கு வேற வழியே கிடையாது, அதனால ப்ரிப்பேர்_லாக் முதல்ல, பஸ் லாக் அப்புறம்ங்கறது நியாயமான திசை. அப்ப பஸ் லாக்க வெச்சுக்கிட்டு ப்ரிப்பேர்_லாக்குக்கு போற கன்ட்ரோலர் டிரைவர்தான் எதிர்த் திசையில வர்றது. உன் டிரைவர் தப்பு பண்ணல, திருத்த வேண்டியது நீ கை வைக்காத அந்த ஃபைல்தான்.

நடுநிசி_டீபக்:

மேல சொன்னது அத்தனையும் சரி. ஆனா ஸ்டாக்க கண்ணால படிச்சு கண்டுபிடிக்கறது ஹேங் ஆனதுக்கு அப்புறம்தான் முடியும், 900 ரவுண்டு யார் காத்திருக்கறது. லாக்டெப் ஆன் பண்ணுங்க ப்ரோ, லாக் எடுக்கற வரிசைய கண்காணிக்கற கெர்னல் வசதி, ஆப்ஷன் பேர் கான்ஃபிக்_ப்ரூவ்_லாக்கிங். இங்கோ மோல்னாரும் அர்ஜன் வான் டி வென்னும் எழுதினது, 2006ல 2.6.18 கெர்னல்லேர்ந்து இருக்கு, இன்னமும் டிரைவர் எழுதற நெறைய பேர் அத ஆன் பண்ணாமலே கோட அனுப்பறாங்க, எனக்கு அது நிஜமாவே வருத்தம்.

அதோட அருமை என்னன்னா டெட்லாக் நடக்கணும்னே அவசியம் இல்ல. காலையில ஒரு த்ரெட் ஏ எடுத்து அப்புறம் பி எடுத்துச்சு, சாயங்காலம் வேற ஒரு த்ரெட் பி எடுத்து அப்புறம் ஏ கேட்டுச்சுன்னா போதும், ரெண்டும் நேர்ல சந்திக்கவே வேண்டாம், "சர்குலர் லாக்கிங் டிபென்டென்சி"ன்னு அந்த நிமிஷமே கத்திடும். ஒவ்வொரு லாக்கையும் தனித்தனியா பாக்காது, ஒரே இடத்துல இனிஷியலைஸ் ஆன லாக் எல்லாத்தையும் ஒரே வகுப்பா எடுத்துக்கும், அதனால ஒரு டிவைஸ்ல கத்துக்கிட்டது அதே டிரைவரோட நூறு டிவைஸுக்கும் பொருந்தும்.

ரெண்டு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. ஓடின பாதை மட்டும்தான் அதுக்கு தெரியும், அதனால மாட்யூல ஏத்தி இறக்கி, சஸ்பெண்ட் பண்ணி, ப்ரோப் (டிரைவர் டிவைஸோட சேர்ற ஆரம்ப ஃபங்க்ஷன்) ஃபெயில் ஆகற வழி, டைம்அவுட் வழி எல்லாத்தையும் ஒரு தடவையாவது ஓட விடணும். அப்புறம் முதல் ரிப்போர்ட் வந்ததும் தானே ஆஃப் ஆயிடும், பூட் ஆகும்போது வேற எவனோ டிரைவர்ல ஒரு ரிப்போர்ட் வந்திருந்தா உங்க பக் கண்ணுக்கே தெரியாது, டிமெஸ்க்க (கெர்னல் மெசேஜ் பட்டியல) மேலேர்ந்து பாக்கணும். ஸ்லோ ஆகும், ப்ரொடக்ஷன் கெர்னல்ல வேண்டாம், ஆனா மேஜையில இருக்கற போர்டுல எப்பவும் ஆன்லயே இருக்கட்டும்.

ஹேங் ஆன போர்டுல இன்னும் கன்சோல் ஓடுதுன்னா சிஸ்ஆர்க்யூ ட்ரிக்கர்ல (/proc/sysrq-trigger ஃபைல்) டபிள்யூ (w) எழுதுங்க, டி ஸ்டேட்ல நிக்கற எல்லாரோட ஸ்டாக்கும் வரும், லாக்டெப் இருந்தா டி (d) எழுதினா யார் கையில எந்த லாக்னு சேத்தே சொல்லிடும்.

போர்டு_பித்தன்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. லாக்டெப் போட்டு ஓட்டினேன். பூட்ல ஒண்ணும் சொல்லல, நான் பயந்துட்டேன், 14வது ரவுண்டுல வந்துது, போர்டு ஹேங் ஆகல. சாராம்சம் இது:

கேவொர்க்கர் எடுக்கப் பாக்கற லாக்: ப்ரிப்பேர்_லாக்.
ஏற்கனவே கையில இருக்கற லாக்: ஐ2சி_ரிஜிஸ்டர்_அடாப்டர்.
இருக்கற சங்கிலி, தலைகீழ் வரிசையில: 2 ஐ2சி_ரிஜிஸ்டர்_அடாப்டர், 1 ரெக்மேப்போட லாக், 0 ப்ரிப்பேர்_லாக்.

மூணு சந்தேகம். ஐ2சி_ரிஜிஸ்டர்_அடாப்டர்ங்கறது ஃபங்க்ஷன் பேராச்சே, அது எப்படி லாக் ஆகும்? நடுவுல ரெக்மேப் லாக் எங்கேர்ந்து வந்துது? அப்புறம் பூட் ஆகும்போதே ரெண்டு பாதையும் ஓடிடுது, சென்சரும் படிக்கறோம், வைஃபையும் ஆன் ஆகுது, ஏன் அப்பவே கத்தல?

மழைக்குருவி:

மூணாவது சந்தேகம் ரொம்ப நல்ல சந்தேகம், அதுக்குத்தான் பதில் எழுத உக்காந்தேன்.

முதல் ரெண்டு சுலபம். லாக்டெப் லாக்குக்கு பேர் வெக்கறப்ப அது எங்க இனிஷியலைஸ் ஆச்சோ அத வெச்சு பேர் போடும், அடாப்டரோட பஸ் லாக் ஐ2சி_ரிஜிஸ்டர்_அடாப்டர்ல பிறக்குது, அதான் அந்தப் பேர். ரெக்மேப் தனக்குன்னு ஒரு மியூடெக்ஸ் வெச்சிருக்கு, நீங்க அப்டேட்_பிட்ஸ் கூப்பிட்டதும் அத எடுத்துக்கிட்டுதான் பஸ்ஸுக்கே போகும். அப்ப உண்மையான சங்கிலி ப்ரிப்பேர்_லாக், ரெக்மேப் லாக், பஸ் லாக். நீங்க ஒரு லாக்கும் எடுக்காம எழுதின ஒரே வரி மூணு லாக் ஆழத்துல போயிருக்கு பாருங்க.

மூணாவது. க்ளாக் ஃப்ரேம்வொர்க் ப்ரிப்பேர்_லாக்க நேரா மியூடெக்ஸ்_லாக் போட்டு எடுக்காது. முதல்ல ட்ரைலாக் (காத்திருக்காம லாக் கிடைக்குதான்னு மட்டும் பாக்கறது) பண்ணும், கிடைச்சா சரி. கிடைக்கலேன்னா இப்ப வெச்சிருக்கறது நானேதானான்னு பாக்கும், நானேதான்னா ஒரு எண்ணிக்கைய ஏத்திட்டு உள்ள விட்டுடும், வேற ஆள்னாதான் மியூடெக்ஸ்_லாக் போட்டு காத்திருக்கும். ஏன் அப்படின்னா க்ளாக் டிரைவரே உள்ளேர்ந்து இன்னொரு க்ளாக்க ப்ரிப்பேர் பண்ண வேண்டி வரும், உங்க கேஸே அதுதான், 32 கிலோஹெர்ட்ஸ ப்ரிப்பேர் பண்ணப் போன த்ரெட் தூங்கற கன்ட்ரோலர எழுப்பினா அதோட க்ளாக்குக்கும் அதே லாக்குதான் வேணும். அந்த வசதி இல்லேன்னா ஒரே த்ரெட் தன்னோடயே டெட்லாக் ஆயிடும்.

ஆனா ட்ரைலாக்ல எடுத்த லாக் யாரையும் காத்திருக்க வெக்காது, அதனால லாக்டெப் அத எடுக்கறப்ப "பஸ் லாக்குக்கு அப்புறம் ப்ரிப்பேர்_லாக்"ங்கற கோட்ட போடாது. பூட்ல ட்ரைலாக் எப்பவும் ஜெயிச்சிருக்கும், கோடே விழல. 14வது ரவுண்டுல வேற யாரோ, அது டிஸ்ப்ளே க்ளாக்காவே இருக்கட்டும், ப்ரிப்பேர்_லாக்க வெச்சிருந்த நேரத்துல சென்சர் ரீட் வந்திருக்கு, ட்ரைலாக் தோத்துது, நிஜ மியூடெக்ஸ்_லாக்குக்கு போச்சு, அப்பத்தான் லாக்டெப் வட்டத்த பாத்துது. அதனால க்ளாக் சம்பந்தப்பட்ட எதையும் "லாக்டெப் ஒரு தடவ பூட் ஆகி அமைதியா இருந்துது"ன்னு நம்பி விட்டுடாதீங்க, பல கோர்ல க்ளாக்க ஆன் ஆஃப் பண்ணிக்கிட்டே நெறைய நேரம் ஓட விடணும்.

இப்ப தீர்வு. க்ளாக்_எனேபிள் வேற, க்ளாக்_ப்ரிப்பேர் வேற. எனேபிள் ஒரு ஸ்பின்லாக்க (தூங்காம சுத்திக்கிட்டே காத்திருக்கற லாக்) மட்டும் எடுக்கும், தூங்காது. ப்ரிப்பேர்தான் தூங்கக்கூடியது, மியூடெக்ஸ் எடுக்கறது. கன்ட்ரோலர் டிரைவரோட ப்ரோப்ல ஒரே ஒரு தடவ க்ளாக்_ப்ரிப்பேர், ரிமூவ்ல அன்ப்ரிப்பேர், ரன்டைம் சஸ்பெண்ட் ரெஸ்யூம்ல வெறும் டிசேபிள், எனேபிள். சாம்சங் சிப்ல வர்ற எஸ்3சி2410 ஐ2சி டிரைவர்ல இதே ஏபி பிஏ டெட்லாக்க இப்படித்தான் சரி பண்ணாங்க, நீங்க புதுசா கண்டுபிடிக்க வேண்டியது ஒண்ணும் இல்ல.

இதுல பல பேர் சறுக்கற இடம் ஒண்ணு சொல்றேன். ப்ரோப்ல ப்ரிப்பேர் பண்ணிட்டோமே, இனிமே ரன்டைம் ரெஸ்யூம்ல க்ளாக்_ப்ரிப்பேர்_எனேபிள் இருந்தாலும் எண்ணிக்கை மட்டும்தானே ஏறும், ஹார்டுவேர தொடாதேன்னு அத அப்படியே விட்டுடுவாங்க. எண்ணிக்கைய ஏத்தறதுக்கே ப்ரிப்பேர்_லாக் வேணும். டெட்லாக் அப்படியேதான் இருக்கும். ட்ரான்ஸ்ஃபர் போற பாதையில ப்ரிப்பேர்ங்கற வார்த்தையே இருக்கக் கூடாது.

சிலிக்கான்_மணல்:

ஒரு மாற்றுக் கருத்து. இவ்வளவு கஷ்டப்படறதுக்கு பஸ் லாக் இருக்கற இடத்துல ட்ரைலாக் பண்ணி, கிடைக்கலேன்னா எரர் குடுத்து திரும்ப முயற்சி பண்ண வெச்சா என்ன? இல்லேன்னா க்ளாக், பஸ் ரெண்டுக்கும் பொதுவா ஒரே பெரிய லாக் வெச்சுட்டா வட்டமே வராதே. நான் ஒரு சின்ன ஆர்டிஓஎஸ்ல (ரியல் டைம் ஓஎஸ்) அப்படித்தான் பண்ணேன், வருஷக்கணக்கா ஓடுது.

பழைய_கெர்னல்:

நண்பா, சின்ன ஆர்டிஓஎஸ்ல எல்லா கோடும் உன் கையில இருக்கும், அங்க ஒரு லாக் நல்ல முடிவுதான், நான் மறுக்கல. இங்க நிலைமை வேற.

பெரிய லாக்க லினக்ஸே வெச்சுப் பாத்துச்சு. 1996ல 2.0 வந்தப்ப பிக் கெர்னல் லாக்னு ஒண்ணு வந்துது, அத முழுசா எடுத்து முடிக்க 2011 ஆச்சு, 2.6.39ல. பதினஞ்சு வருஷம். எடுக்கறது ஏன் அவ்வளவு கஷ்டமாச்சுன்னா அத வெச்சிருக்கற த்ரெட் தூங்கினா லாக் தானா விட்டுடும், முழிச்சா தானா எடுத்துக்கும், அதனால எந்த டிரைவர் எத பாதுகாக்க அத எடுத்திருக்குன்னு யாருக்குமே தெரியாமப் போச்சு. ஒரு லாக் எந்த டேட்டாவ காப்பாத்துதுன்னு ஒரு வரியில சொல்ல முடியணும், ஸ்ட்ரக்ட்ல அந்த லாக்குக்கு பக்கத்துலயே அந்த கமென்ட் இருக்கணும், அத எதிர்பார்க்கற ஃபங்க்ஷன்ல லாக்டெப்_அஸர்ட்_ஹெல்ட் (லாக் கையில இருக்கான்னு சரிபாக்கற வரி) போடணும், இத நான் சண்டை போட்டாவது ரிவ்யூல கேப்பேன்.

ட்ரைலாக் விஷயம். ஐ2சி மெசேஜ் பாதி போன நேரத்துல "கிடைக்கல, திரும்பி வா"ன்னா யார் எங்க திரும்பறது? க்ளாக் ப்ரிப்பேர் ஃபெயில் ஆனா வைஃபை டிரைவர் ப்ரோப்பே ஃபெயில் ஆகும், அது திரும்ப முயற்சி பண்ணும்னு எங்கயும் எழுதல. ரெண்டு த்ரெட்டும் ஒரே வேகத்துல எடுத்து விட்டு எடுத்து விட்டு சுத்தினா அது லைவ்லாக், சிபியு சூடாகும் வேலை நடக்காது. அதுக்கு மேல மழைக்குருவி சொன்ன மாதிரி லாக்டெப்போட கண்ணையும் கட்டிடும்.

பின்வாங்கறது சரியா வர்ற இடம் ஒண்ணு இருக்கு, கிராஃபிக்ஸ். ஒரு கமாண்டுக்கு பத்து பஃபர் வேணும், எந்த பத்து, எந்த வரிசைன்னு யூசர் ப்ரோக்ராம்தான் சொல்லுது, முன்கூட்டியே வரிசை போட முடியாது, அதே பஃபர இன்னொரு டிரைவரும் பகிர்ந்துக்குது. அதுக்குன்னே 3.11ல டபிள்யூடபிள்யூ மியூடெக்ஸ் வந்துது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு டோக்கன் நம்பர், மோதல் வந்தா இளைய டோக்கன்காரருக்கு ஈடெட்லாக் எரர், கையில இருக்கற எல்லா லாக்கையும் விட்டுட்டு அதே டோக்கனோட முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். பழைய டோக்கன் எப்பவாவது ஜெயிச்சே தீரும், அதான் லைவ்லாக் வராததுக்கு காரணம். வெறும் ட்ரைலாக்ல அந்த வயசுங்கற விஷயமே கிடையாது.

நடுநிசி_டீபக்:

பேச்சு லாக்க சுத்தியே போகுது, லாக் இல்லாத டெட்லாக் ஒண்ணு இருக்கு, அத சொல்லியே ஆகணும். யாருக்காவது காத்திருக்கறதும் லாக் எடுக்கற மாதிரிதான்.

நான் மாட்டினது சொல்றேன். ஒரு பேட்டரி டிரைவர், ரிமூவ் ஃபங்க்ஷன்ல நல்ல பிள்ளையா மியூடெக்ஸ எடுத்து, உள்ள கேன்சல்_டிலேட்_வொர்க்_சிங்க் போட்டிருந்தேன். அந்த வொர்க்கோட முதல் வரி அதே மியூடெக்ஸ எடுக்கறது. ரிமூவ் வொர்க் முடியட்டும்னு காத்திருக்கு, வொர்க் மியூடெக்ஸுக்கு காத்திருக்கு. மாட்யூல இறக்கற நேரத்துல வொர்க் ஓடிக்கிட்டு இருந்தா மட்டும்தான் மாட்டும், என் மேஜையில ஒரு தடவகூட மாட்டல, வெளிய போன போர்டுல மாட்டுச்சு. இது ஸ்பின்லாக்க வெச்சுக்கிட்டு டைமர சிங்க்கா டெலீட் பண்றதுக்கும் பொருந்தும், ஃப்ரீ_ஐஆர்க்யூக்கும் (இன்டரப்ட் ஹேண்ட்லர நீக்கறது) பொருந்தும், ஏன்னா அது ஹேண்ட்லர் முடியற வரைக்கும் காத்திருக்கும், த்ரெட்டட் ஹேண்ட்லர் உங்க மியூடெக்ஸ எடுத்தா கதை முடிஞ்சுது. டிசேபிள்_ஐஆர்க்யூவும் காத்திருக்கறதுதான், அத அந்த ஹேண்ட்லருக்கு உள்ளயே கூப்பிட்டா தனக்குத்தானே காத்திருக்கும், அங்க காத்திருக்காத நோசிங்க் வகைதான் போடணும். சிஸ்எஃப்எஸ் ஃபைல (டிரைவர் தன் வேல்யூவ யூசருக்கு காட்டற ஃபைல்) நீக்கறப்பவும் அப்படித்தான், யாராவது படிச்சிட்டு இருந்தா முடியட்டும்னு நிக்கும், ஷோ ஃபங்க்ஷன் எடுக்கற லாக் உங்க கையில இருந்தா ரெண்டும் நின்னுடும்.

வொர்க், டைமர், சிஸ்எஃப்எஸ் இதெல்லாம் லாக்டெப் பிடிச்சிடும், அதுக்கெல்லாம் போலி லாக் மாதிரி ஒண்ணு வெச்சிருக்காங்க. வெய்ட்_ஃபார்_கம்ப்ளீஷன (வேற ஆள் முடிஞ்சுதுன்னு சொல்ற வரைக்கும் காத்திருக்கறது) மட்டும் அத நம்பி விடாதீங்க. லாக்க வெச்சுக்கிட்டு கம்ப்ளீஷனுக்கு காத்திருந்து, கம்ப்ளீட் பண்ண வேண்டிய ஆளுக்கு அதே லாக் வேணும்னா யாரும் எச்சரிக்க மாட்டாங்க, அத கண்ணாலதான் பாக்கணும்.

நான் இப்ப எழுதற முறை இதுதான். லாக் எடுத்து வேண்டிய வேல்யூவ லோக்கல் வேரியபிள்ல காப்பி பண்ணுவேன், பிஸின்னு ஒரு கொடி நடுவேன், லாக்க விட்டுடுவேன், அப்புறம்தான் அடுத்த டிரைவர கூப்பிடுவேன். திரும்பி வந்ததும் லாக் எடுத்து நெலம மாறிடுச்சான்னு மறுபடி பாப்பேன், நாம வெளிய போயிருந்த நேரத்துல ரிமூவ் வந்திருக்கலாம், அந்த செக் இல்லேன்னா டெட்லாக்குக்கு பதிலா யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ (விட்டுட்ட மெமரிய மறுபடி தொடறது) வாங்கிக்குவோம். ரிமூவ்ல "இனிமே வேண்டாம்"னு கொடிய லாக்குக்குள்ள போட்டுட்டு, லாக்க விட்டுட்டு, அப்புறம் சிங்க்.

போர்டு_பித்தன்:

அப்டேட். கன்ட்ரோலர் டிரைவர்ல ப்ரிப்பேர ப்ரோப்புக்கு மாத்தினேன், ரன்டைம் ரெஸ்யூம்ல வெறும் எனேபிள். மழைக்குருவி அக்கா சொன்ன அந்த சறுக்கல முதல் பேட்ச்ல நானும் பண்ணியிருந்தேன், பதில திரும்ப படிச்சுட்டு திருத்தினேன்.

ஆனா 60 ரவுண்டு தாண்டி மறுபடி அதே ரிப்போர்ட், அதே ரெண்டு லாக். இந்த தடவ ட்ரான்ஸ்ஃபர் ஃபங்க்ஷன்ல ப்ரிப்பேர் எதுவும் இல்ல. ஸ்டாக்ல இருக்கறது க்ளாக்_கெட்_ரேட். டிரைவர் ஒவ்வொரு ட்ரான்ஸ்ஃபருக்கும் டிவைடர் கணக்கு போட ரேட்ட கேக்குது. ரேட்ட படிக்கறதுக்குக் கூடவா லாக்?

மழைக்குருவி:

ஆமா, அதே ப்ரிப்பேர்_லாக்தான். ரேட் மாறிக்கிட்டு இருக்கற நேரத்துல பாதி மாறின வேல்யூவ குடுக்கக் கூடாதுன்னு எடுக்கறாங்க. பேர பாத்தா வெறும் ரீட் மாதிரி இருக்கறதால யாரும் சந்தேகப்படறது இல்ல, நானும் ஒரு காலத்துல இதுல ஒரு வாரம் போட்டிருக்கேன்.

ரேட்ட ப்ரோப்ல ஒரு தடவ படிச்சு ஸ்ட்ரக்ட்ல வெச்சுக்கோங்க, ட்ரான்ஸ்ஃபர்ல அத மட்டும் பாருங்க. உங்க போர்டுல அந்த க்ளாக்கோட ரேட்ட யாராவது மாத்துவாங்களான்னு பாருங்க. மாத்தக் கூடாதுன்னா ப்ரோப்லயே க்ளாக்_ரேட்_எக்ஸ்க்ளூசிவ்_கெட் போட்டு பூட்டிடலாம். மாத்துவாங்கன்னா க்ளாக் நோட்டிஃபையர் வெச்சு சேத்து வெச்ச வேல்யூவ புதுப்பிக்கணும், ஆனா நோட்டிஃபையர் ப்ரிப்பேர்_லாக் எடுத்த நிலையில கூப்பிடப்படும், அதுக்குள்ள உக்காந்துக்கிட்டு ஐ2சி ட்ரான்ஸ்ஃபர் ஓடறத ஏதோ ஒரு லாக் போட்டு நிறுத்தப் பாக்காதீங்க. ரைட்_ஒன்ஸ்ல வேல்யூவ எழுதிட்டு வெளிய வந்துடுங்க, அடுத்த ட்ரான்ஸ்ஃபர் ரீட்_ஒன்ஸ்ல எடுத்துக்கும்.

இன்னொரு விஷயம், ரிப்போர்ட் தொல்லை தாங்கலேன்னு மியூடெக்ஸ்_லாக்_நெஸ்டட் (லாக்டெப்புக்கு இது உள்ளடுக்கு லாக்னு சொல்றது) போட்டு அமைதியாக்கற பழக்கம் வேண்டவே வேண்டாம். பேரன்ட் பஸ், சைல்ட் பஸ்னு நிஜமாவே மேல கீழ உறவு இருந்தா அது சரி, ஐ2சி மக்ஸ்ல (ஒரு பஸ்ஸ பலதா பிரிக்கற சிப்) அப்படித்தான் பண்றாங்க. உறவு இல்லாம போட்டா நிஜ டெட்லாக்கையும் சேத்து மூடி வெச்ச மாதிரி ஆயிடும்.

போர்டு_பித்தன்:

ரேட்ட ப்ரோப்புக்கு மாத்திட்டேன், இந்த க்ளாக்க எங்க போர்டுல யாரும் மாத்தறது இல்ல, அதனால எக்ஸ்க்ளூசிவ் போட்டாச்சு. லாக்டெப் கெர்னல் ராத்திரி முழுக்க ஓடி 2100 ரவுண்டு, ஒரு ரிப்போர்ட்டும் இல்ல. லாக்டெப் இல்லாத கெர்னல் இப்ப 3000 தாண்டி ஓடிக்கிட்டு இருக்கு. நடுநிசி ப்ரோ சொன்னத படிச்சுட்டு என் ரிமூவ் ஃபங்க்ஷன திறந்து பாத்தேன், சிப்_லாக்க வெச்சுக்கிட்டு ஃப்ரீ_ஐஆர்க்யூ, அப்படியே இருந்துது, மாட்யூல நான் ஒரு தடவகூட இறக்கினதே இல்ல. அதையும் சரி பண்ணிட்டேன்.

ஒரே ஒரு கவலை, க்ளாக் எப்பவும் ப்ரிப்பேர்லயே இருந்தா கரன்ட் வீணாகுமா?

பழைய_கெர்னல்:

அது அந்த க்ளாக்கோட ப்ரிப்பேர் என்ன பண்ணுதுங்கறத பொறுத்தது தம்பி. கன்ட்ரோலர் க்ளாக் வெறும் கேட்னா ப்ரிப்பேர்ல ஒண்ணுமே நடக்காது, எனேபிள்தான் கேட்ட திறக்குது, உனக்கு நஷ்டம் கிடையாது. மேல ஒரு பிஎல்எல் (க்ளாக் அதிர்வெண்ண உண்டாக்கற சர்க்யூட்) இருந்து அது ப்ரிப்பேர்ல ஆன் ஆகற மாதிரி எழுதியிருந்தா ஐடில்லயும் அது ஓடிக்கிட்டே இருக்கும். க்ளாக் சம்மரி ஃபைல டீபக்எஃப்எஸ்ல பாரு, ப்ரிப்பேர் எண்ணிக்கை மேல வரைக்கும் எப்படி ஏறுதுன்னு தெரியும், அந்த பிஎல்எல்ல வேற யாராவது ஏற்கனவே பிடிச்சு வெச்சிருந்தா மறுபடி உனக்கு நஷ்டம் இல்ல. அப்படியும் வேணும்னா சிஸ்டம் சஸ்பெண்டோட நோஐஆர்க்யூ கட்டத்துல (டிவைஸ் இன்டரப்ட்ட நிறுத்தின கட்டம்) அன்ப்ரிப்பேர் பண்ணு, அந்த கட்டத்துல யாரும் பஸ்ஸ தொடக் கூடாது, கையில பஸ் லாக்கும் இருக்காது, ரெஸ்யூம்ல அதே கட்டத்துல திரும்ப ப்ரிப்பேர். அந்த பேட்ச்சோட கமிட் மெசேஜ்ல லாக்டெப் ரிப்போர்ட்ட முழுசா ஒட்டி அனுப்பு, அந்த கன்ட்ரோலர வெச்சிருக்கற மத்த போர்டுக்காரங்களும் இதையேதான் தேடிக்கிட்டு இருப்பாங்க.